மைனஸ் ஐந்து வோல்ட்

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்களைக் கடைந்து தரும் கம்பெனி ஒன்றில் நாராயணம்மா பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்திரண்டு. காண்ட்ராக்ட் ஆட்களின் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ‘ஹெல்பர்’ என்று இருந்தது. ஹெல்பர் என்றால் பெட்டி தூக்குவது, தரை கூட்டுவது, சொன்ன இடத்தில் நிற்பது. நாராயணம்மா செய்ததோ, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கடைந்து வந்த பீஸ்களை மெஷினில் வைத்து அளவு பார்க்கும் வேலை. அவள் எடுத்துத் தரும் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது.

ஊர் பாகலூருக்குப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். அப்பாவும் அம்மா சாந்தம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். முட்டைக்கோஸ் தோட்டத்தில் களை எடுப்பதும் தக்காளி பறிப்பதும்தான் சாந்தம்மாவின் வாழ்க்கை. நாராயணம்மா பத்தாவது முடித்தாள். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. கம்பெனி பஸ் ஓட்டும் முனிராஜைக் கட்டிக்கொண்டு, ரோஜாத் தோட்டத்துக் கூடாரங்களில் வேலைக்குப் போனாள். வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாவைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். நாற்பது சென்டிமீட்டர் ஒரு கட்டு, ஐம்பது ஒரு கட்டு, அறுபது ஒரு கட்டு. இரண்டு மாதத்தில் அவளுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. நாற்பத்தெட்டை ஐம்பதில் வைத்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

கம்பெனிக்கு வந்தது பேக்கிங் வேலைக்கு. கண்ணாடி அறையில் அப்போது இருந்த ஆபரேட்டர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். வெளியே லாரி நின்றது. ரிப்போர்ட் எடுக்க ஆள் இல்லை. ஆறு மாதமாக கண்ணாடி வழியாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்த நாராயணம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். லாரி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. பட்டியல் மட்டும் மாறவில்லை.

அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஆபீஸ் பக்கத்துக் கழிப்பறைக் கதவில் ‘ஸ்டாஃப் மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காண்ட்ராக்ட் பெண்கள் ஷெட்டின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். நாராயணம்மா நேராக ஹெச்.ஆர். மேஜைக்குப் போய், “ஸ்டாஃபுன்னா யாருன்னு எழுதிக் குடுங்க, நான் மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்றேன்” என்றாள். யாரும் எழுதித் தரவில்லை. ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் காணாமல் போனது.

இனி கண்ணாடி அறைக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அளவு பார்க்கும் மெஷின் வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. தலைமுடியை எண்பதாகப் பிளந்தால் ஒரு கீற்று எவ்வளவோ அந்த அளவு வித்தியாசத்தையும் காட்டிவிடும். அதனோடு சேர்ந்து வந்த கம்ப்யூட்டருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். பால் வண்ணத்தில் இருந்த பெட்டி இப்போது கறை படிந்த பல்லின் நிறம். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மௌஸ் கிடையாது. உள்ளே ஒரு முழ நீளத்தில் பச்சை அட்டை ஒன்று. மெஷின் தொட்டு அறிந்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த கார்டுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாராயணம்மா பட்டனை அமுக்கினாள். மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. கருகிய பிளாஸ்டிக்கும் காய்ந்த மீனும் கலந்தது போல ஒரு வாடை. மறுபடி அமுக்கினாள். எதுவும் இல்லை.

குவாலிட்டி மேனேஜர் பாஸ்கரன் ஓடி வந்தார். “என்ன பண்ணுன?”

“பட்டன் அமுக்குனேன் சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டி வெச்சேன்.”

அடுத்த நாள் மெஷினுக்கு சர்வீஸ் செய்யும் ஏஜென்சியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். இருபது நிமிஷம் இருந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. போனில் படம் எடுத்தார். பாஸ்கரனிடம், “இந்த மாதிரி கம்ப்யூட்டருக்கெல்லாம் இப்ப பார்ட்டே வராது சார். கம்ப்யூட்டர மாத்துனா இந்தக் கார்ட சொருக இடம் இருக்காது. கார்ட மாத்துனா சாஃப்ட்வேர் ஒத்துக்காது. மொத்தமா மெஷினையே மாத்திடுறதுதான் வழி” என்றார். மடியில் வைத்த லேப்டாப்பில் ஒரு ரிப்போர்ட் தட்டி, ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

பாஸ்கரன் அந்தக் காகிதத்தை நாராயணம்மாவிடம் நீட்டினார். “கீழ ஒரு கையெழுத்து போடு.”

அவள் வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு ஓடாது, ஆனால் நடக்கும். பழுதின் காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டரின் முறையற்ற கையாளுதல்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஆபரேட்டர் கையெழுத்து என்று ஒரு கோடு.

“இதுல நான் தப்பு பண்ணேன்னு இருக்குது சார்.”

“அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. புது மெஷின் கேட்டா மேல காரணம் கேப்பாங்க. ஏதாவது ஒண்ணு எழுதணுமில்ல.”

“அப்போ நீங்களே போட்ருங்க.”

பாஸ்கரன் முகம் மாறியது. “ஆபரேட்டர்தான் போடணும்.”

“பட்டியல்ல நான் ஹெல்பர் சார். சம்பளத்துக்கு ஹெல்பர், தப்புக்கு மட்டும் ஆபரேட்டரா?” காகிதத்தை மேஜையில் வைத்தாள். “நான் போட மாட்டேன்.”

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். காண்ட்ராக்டர் மறுநாளே கேட்டில் நிறுத்திவிடுவார். அடுத்த கம்பெனியில் விசாரித்தால் மெஷினைக் கெடுத்தவள் என்று சொல்வார்கள். போடாவிட்டாலும் நிறுத்தலாம். ஆனால் அப்போது அவர்களிடம் காகிதம் இருக்காது.

சத்தம் கேட்டு முதலாளி கோவிந்தப்பன் வந்தார். அறுபது வயது. பாகலூர்ப் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். அவர்கள் முட்டைக்கோஸ் தோட்டத்தில்தான் சாந்தம்மா களை எடுத்தாள். அவர் நாராயணம்மாவிடம் தெலுங்கில் பேசினார். கோபமாகக்கூட இல்லை, வருத்தப்படுகிறவர் போல.

“நீ சாந்தம்மா பொண்ணுதானே? இருபது வருஷம் எங்க தோட்டத்துல வேல செஞ்சா. ஒரு நாளும் எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல.”

“பேசியிருந்தா கேட்டிருப்பீங்களா?”

நாராயணம்மா அதே மூச்சில் சொன்னாள்: “இந்தப் பொட்டிய யாருமே தொறந்து பாக்கல. என்ன போச்சுன்னே தெரியாம நான் பண்ணேன்னு எழுதிட்டாரு. சனிக்கிழம வரைக்கும் எனக்கு விடுங்க. நான் பாக்கறேன். ஆவலன்னா அப்புறம் உங்க இஷ்டம். அப்பவும் கையெழுத்து போட மாட்டேன்.”

திங்கட்கிழமை, பாகங்களை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் புது மெஷின் வந்து இறங்கப் போவதில்லை. கோவிந்தப்பன் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். “சனிக்கிழம வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெயின்டனன்ஸில் ராமப்பன் என்று ஒரு எலெக்ட்ரீசியன். நல்ல மனுஷர், பயந்தவர். நாராயணம்மா ஸ்க்ரூடிரைவரும் மீட்டரும் கேட்டபோது தயங்கினார்.

“தொடாதம்மா. தொட்டா உன் மேல போட்ருவாங்க.”

“ஏற்கனவே போட்டாச்சுண்ணா. இனி தொட்டா என்ன, தொடாட்டி என்ன.”

அவர் மீட்டரைக் கொடுத்ததோடு கூடவும் வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பின்பக்க மூலையில் இருந்த பவர் சப்ளை பெட்டியிலிருந்துதான் அந்த மீன் வாடை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நாராயணம்மா கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுத்தாள். விரல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து, நம்பர் எழுதி, வயர்களில் ஒட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஓசூர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் புது பவர் சப்ளை ஒன்று கிடைத்தது. கடைக்காரர் பழையதைத் திருப்பிப் பார்த்து, “இதோட பிளக்குல இருபது ஓட்ட, புதுசுல இருபத்துநாலு. ஆனா நாலு தனியா கழண்டு வந்துடும், பாருங்க” என்று காட்டினார். மாட்டினாள். பட்டனை அமுக்கினாள். மின்விசிறி சுற்றியது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஏறி வந்தன. ராமப்பன் கை தட்டினார்.

ஆனால் அளவு பார்க்கும் புரோகிராமைத் திறந்ததும், கார்டிலிருந்து பதில் இல்லை என்று வந்தது. மூன்று முறை திறந்தாள். மூன்று முறையும் அதே வரி.

கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த பாஸ்கரன் உள்ளே தலையை நீட்டினார். “கார்டும் போச்சா? இப்ப உண்மையாவே நீதான் கெடுத்திருக்க. கண்ட கண்ட பார்ட்ட மாட்டுனா இப்பிடித்தான்.”

பேக்கிங் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாராயணம்மாவுக்குக் காது சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போகவில்லை. பழைய பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து வருஷத்துக்கு மேலாக அந்த நாற்காலியில் அவள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். படத்தில் போட்டிருப்பது பீஸில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்ப்பது. பழைய பெட்டியின் மேல், எந்தெந்த வோல்ட் தரும் என்று காட்டும் ஒரு லேபிள் இருந்தது. புதியதின் மேலும் ஒன்று. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள். பழையதில் உள்ள வரியைப் படிப்பாள், புதியதில் தேடுவாள், பென்சிலால் டிக் அடிப்பாள். பிளஸ் பன்னிரண்டு இருந்தது. பிளஸ் ஐந்து இருந்தது. மூணு புள்ளி மூணு இருந்தது. மைனஸ் பன்னிரண்டும் இருந்தது. பழைய லேபிளில் மைனஸ் ஐந்து என்று ஒரு வரி. புதியதில் அந்த வரியே இல்லை.

அந்த வரிக்கு நேராக ‘வெள்ளை’ என்று வயர் நிறம் போட்டிருந்தது. பழைய பிளக்கில் பதினெட்டாவது ஓட்டையில் வெள்ளை வயர். புது பிளக்கில் அந்த இடம் காலி. வயரே போகவில்லை.

“அண்ணா,” என்று ராமப்பனைக் கூப்பிட்டாள். “இந்தக் கார்டு மைனஸ் அஞ்சு கேக்குது. புதுசு அத குடுக்கல. கார்டு சாவல, பட்டினியா கெடக்குது.”

ராமப்பன் மீட்டரை வைத்துப் பார்த்தார். காலி ஓட்டையில் எதுவும் காட்டவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். “மைனஸ் ஃபைவ் எல்லாம் நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு மேடம். அதெல்லாம் தேவையில்ல” என்று மேடத்தை மட்டும் இழுத்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கடைக்காரரும் புதியவை எதிலும் அது வராது என்றார். “பெங்களூர்ல எஸ்.பி. ரோட்ல வேணா தேடிப் பாருங்கம்மா.”

வெள்ளிக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு, பழைய பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் அத்திப்பள்ளியில் நெரிசல். எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. சந்து சந்தாக எலெக்ட்ரானிக்ஸ் கடை. ஒவ்வொரு கடையிலும் பையைத் திறந்து, வெள்ளை வயரைக் கன்னடத்தில் காட்டினாள். “ஈக அது பரல்லா மேடம்” என்றார் ஒருவர். இப்போது அது வருவதில்லையாம். இன்னொருவர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, மியூசியத்தில் கொடுங்கள் என்றார். ஒருவர் தன்னிடம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லி ஒன்றை எடுத்து வைத்தார். அதில் வெள்ளை வயர் இல்லை. “அது இல்லன்னாலும் ஓடும்” என்றார். “ஓடுது. வேல செய்யல” என்று நாராயணம்மா எழுந்துவிட்டாள். முப்பது கடைக்குக் குறையாது. நான்கு மணிக்கு வெறும் பையோடு திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் முனிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். “விட்ரு. இந்த ஓசூர்ல வேற கம்பெனியா இல்ல?”

“வேற கம்பெனிக்குப் போவலாம். மெஷினக் கெடுத்தவன்னு ஒரு பேரச் சொமந்துக்கினு போவ மாட்டேன்.”

முனிராஜ், தான் பஸ் ஓட்டும் வழியில் பாகலூர் ரோட்டில் ஒரு ஸ்கிராப் கடை இருப்பதாகவும், பெங்களூர் ஆபீஸ்களிலிருந்து கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் லாரி லாரியாக அங்கேதான் இறங்குவதாகவும் சொன்னான். “புதுசு விக்கறவன்கிட்ட பழசக் கேட்டா எப்பிடி இருக்கும்? ஒடைக்கறவன்கிட்ட கேளு.”

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அங்கே நின்றாள். தகரக் கூரைக்குக் கீழே நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் பெட்டிகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள். செம்பு ஒரு குவியல், தகடு ஒரு குவியல், வயர் ஒரு குவியல். பாப்பம்மா என்று ஒருத்தி, நாராயணம்மாவின் வயதுதான் இருக்கும், நிமிராமலே கேட்டாள்.

“என்னா வோணும்?”

நாராயணம்மா பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். வோல்ட், லேபிள் என்றெல்லாம் ஆரம்பித்தாள். பாப்பம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கலரச் சொல்லு.”

“வெள்ள. பெரிய பிளக்குல ஒரே ஒரு வெள்ள வயர்.”

பாப்பம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். “அது பழைய பொட்டிங்கள்ல வரும். புதுசுல எல்லாம் வராது. கனமா இருக்கும்.” எழுந்து போய் மூலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்தாள். பவர் சப்ளைகள் கடகடவென்று சரிந்தன. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பிளக்கைப் பார்த்துப் பார்த்துத் தள்ளினார்கள். வெள்ளை வயர் உள்ளதாக ஐந்து கிடைத்தன.

ஐந்தும் உதவும் என்று நாராயணம்மா நம்பவில்லை. ஒன்றின் பெட்டி அகலம் அதிகம், ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்தவில்லை. ஒன்றைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டது. மீதி மூன்றின் லேபிளையும் பழையதோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். ஒன்றில் பிளஸ் ஐந்துக்கு நேராகப் போட்டிருந்த ஆம்பியர், பழையதில் இருந்ததில் பாதிதான். அதையும் தள்ளினாள். இரண்டு நின்றன.

ஸ்கிராப் கடையில் பிளக் பாயிண்ட் ஒன்று இருந்தது. முதலில், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டியை ஓட்டிப் பார்க்க ராமப்பன் சொல்லிக்கொடுத்தபடி, பெரிய பிளக்கில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போட்டாள். முதல் பெட்டியின் விசிறி ஓடியது. ராமப்பனிடம் வாங்கி வந்த மீட்டரின் முனையை வெள்ளையில் வைத்தாள். மைனஸ் மூணு புள்ளி ரெண்டு. அது போதாது. இரண்டாவதின் விசிறி கொஞ்சம் முனகிக்கொண்டு சுற்றியது. மைனஸ் ஐந்து புள்ளி ஒன்று. மற்ற வயர்களையும் பார்த்தாள். எல்லாம் லேபிளில் இருந்தபடி.

பாப்பம்மா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “சரியா?”

“சரிக்கா.”

“பத்து நிமிசம் லேட்டா வந்திருந்தா ஒடச்சிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு பாப்பம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கண்ணாடி அறைக்குள் பாஸ்கரனும் ராமப்பனும் நின்றார்கள். நாராயணம்மா பிளாஸ்திரி நம்பர்களைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசி ஸ்க்ரூவை முறுக்கியதும் பாஸ்கரன் பொறுமையில்லாமல் சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“சார், கைய எடுங்க!”

அவள் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. பாஸ்கரன் கையை எடுத்துவிட்டார். பவர் சப்ளையின் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 ஒரு பக்கம், 230 ஒரு பக்கம். ஸ்கிராப் கடையில் அது 230-இல் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுத்தாள். மாட்டும்போது பெட்டியின் விளிம்பில் உரசி 115-க்கு நகர்ந்திருந்தது. நம் ஊரின் 230 வோல்ட் கரண்டை அதில் விட்டிருந்தால் இந்தப் பெட்டியும் புகைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அதை 230-க்குத் தள்ளினாள். நகராமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு அவளே சுவிட்சைப் போட்டாள்.

எழுத்துகள் ஏறி வந்தன. புரோகிராம் திறந்தது. கார்டு பதில் சொன்னது. மெஷினின் ஊசி முனை மெதுவாக எழுந்து தன் இடத்தில் போய் நின்றது. அவள் மெஷினோடு வந்த மாஸ்டர் வளையத்தை எடுத்து வைத்தாள். அதன் சான்றிதழில் உள்ள அளவுதான் அந்த மெஷின் காட்ட வேண்டிய அளவு. ஒத்தது. கழற்றி, துடைத்து, மறுபடி வைத்தாள். ஒத்தது. ஐந்து முறை வைத்தாள்.

ராமப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

கரண்ட் போய்ப் போய் வந்ததில், பேட்டரி பழையதாகிப்போன கம்ப்யூட்டர் தேதியை மறந்து போயிருந்தது. தேதி கேட்டது, போட்டாள். புது ரிப்போர்ட் தொடங்க, அளவு பார்த்தவர் பெயர் கேட்டது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் பாஸ்கரன் பெயர்தான் போகும். அவர்தான் அப்படிப் போடச் சொல்லியிருந்தார். நாராயணம்மா தன் பெயரை இங்கிலீஷில் தட்டினாள். பத்து எழுத்துக்கு மேல் அது வாங்கவில்லை. அவள் பெயருக்குப் பதினொன்று. கடைசி எழுத்து விழாமல் நின்றது. நடுவிலிருந்து ஒரு எழுத்தை எடுத்துவிட்டு, ‘அம்மா’வை முழுசாக வைத்தாள். பாஸ்கரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கோவிந்தப்பன் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். “பரவாயில்லயே” என்றார்.

“அந்தக் காகிதம் எங்க இருக்குதுங்க?” என்றாள் நாராயணம்மா.

“அது எதுக்கு இப்ப? அதான் ஓடுதே.”

“ஓடுது. ஆனா நான் கெடுத்தேன்னு எழுதுனது ஃபைல்ல இருக்குது. பவர் சப்ளை வயசாகிப் போயிடுச்சுன்னு எழுதுங்க. அதுல வேணா கையெழுத்துப் போடறேன். ஆபரேட்டர்ங்கற எடத்துல.”

பாஸ்கரன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கருகிய பழைய பெட்டியைப் பார்த்தார். நாராயணம்மா நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பேக்கிங் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். கோவிந்தப்பன் பேனாவை எடுத்து, அச்சடித்த வரியைத் தன் கையாலேயே அடித்து, மேலே வேறு எழுதினார். அவள் அதை விரல் வைத்துப் படித்தாள். படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை ஆடிட் நடந்தது. வந்தவர்கள் பெட்டியிலிருந்து தாங்களே பத்து பீஸ் எடுத்து அளக்கச் சொன்னார்கள். அளந்தாள். குறை ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு யாரும் அவளைத் தனியாகப் பாராட்டவும் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வாரமே ஹெச்.ஆரில் ஒரு மனு கொடுத்தாள். பதவியை ஆபரேட்டர் என்று மாற்ற வேண்டும், காண்ட்ராக்டிலிருந்து கம்பெனி ரோலுக்கு எடுக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. மூன்று மாதம் இழுத்தடித்து முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவதற்கு இன்னும் பார்க்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவள் போய்க் கேட்கிறாள். நிற்க வைத்துப் பதில் சொல்லப் பார்ப்பார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் அந்த சர்வீஸ் இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே மெஷின், இதே காலத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இந்த முறை மேடம் என்பதை இழுக்காமல் சொன்னார்.

“வர்றேன். அங்க மெஷின் ஓட்றவங்க பக்கத்துல இருக்கணும். அவங்க இல்லாம நான் பொட்டிய தொறக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை முனிராஜும் அவளும் பஸ்ஸில் போனார்கள். அங்கே மெஷினை ஓட்டுவது பிரவீனா, ஊத்தங்கரையிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நாராயணம்மா அவளிடம்தான் எல்லாம் கேட்டாள். எப்போது நின்றது, என்ன சத்தம் வந்தது, திரையில் கடைசியாக என்ன இருந்தது. பெட்டியைத் திறந்து பவர் சப்ளையை மீட்டரால் பார்த்தாள். எல்லா வரியும் சரியாக இருந்தது. கோளாறு வேறு எங்கோ.

“இது வேற பிராப்ளம் மேடம். என்னன்னு எனக்கும் தெரியல” என்றார் இன்ஜினியர்.

“எனக்கும் தெரியல. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. இந்தப் பொண்ணு பண்ணிட்டான்னு எழுதாதீங்க.” நாராயணம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “பிரவீனா, நீயும் உக்காரு. ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம்.”